நாலாவது ஆள்

ஜூன் 8, ஞாயிறு

"இன்னொரு தடவ சொல்லட்டுமா டீச்சர்?" என்று இன்று ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள். இருபது வருஷத்துக்கு மேலாக ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்து நான் கேட்டுவருகிற கேள்வி. கேட்கும்போது என் முகமும் இப்படித்தான் இரக்கமாக இருக்குமா தெரியவில்லை. இருந்தால் பிள்ளைகள் பாவம்.

அந்தச் சின்னப் பெண் பெயர் ரிஸ்வானா. மேலப்பாளையத்துக்காரி. பாளையங்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஞாயிறுதோறும் போட்டோகிராபி வகுப்பு எடுக்கிறாள். வாரம் ஒரு அசைன்மென்ட், பத்துக்கு மார்க். அது போக ஆளுக்கொரு நாட்குறிப்பு எழுத வேண்டுமாம்: என்ன படம் எடுத்தோம், என்ன செட்டிங் வைத்தோம், அப்போது மனதில் என்ன ஓடியது. மற்றவர்கள் எல்லாம் போனில் தட்டிக்கொள்கிறார்கள். நான் கணக்கு டீச்சர். நோட்டு வாங்கி மார்ஜின் கோடு போட்டாயிற்று.

நான் சேர்ந்தது எங்கள் பள்ளி ஆண்டு மலருக்காக. படம் எடுக்க ஆளில்லை என்று ஹெச்.எம். புலம்பினார். மகள் பூரணி கல்லூரியில் படித்தபோது வாங்கிய கேமரா வீட்டில் சும்மா கிடந்தது. காரணம் அவ்வளவுதான். ஆனால் என் வீட்டுக்காரர் பூரணியிடம் போனில் வேறு கதை சொல்கிறார். "ஞாயித்துக்கெழம பூரா ஒங்கம்மா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நான் என்ன டிவியா? அதான் கொண்டுபோய் வகுப்புல சேத்து விட்டுட்டேன்."

அவர் பெயர் ஆவுடையப்பன். வண்ணார்பேட்டையில் பம்ப்செட் கடை வைத்திருக்கிறார். இருதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. ஜூலை 30ஆம் தேதி மதுரையில் மாற்றப் போகிறார்கள். அதைப் பற்றி இதில் எழுதுவதாக இல்லை. இது போட்டோ நோட்டு.

ஜூன் 11, புதன்

முதல் அசைன்மென்ட்: பொருளை நடுவில் வைக்கக் கூடாது. கட்டத்தைக் குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு போட்டுப் பிரித்து, கோடுகள் வெட்டுகிற இடத்தில் வைக்க வேண்டும். எனக்கு இது தண்ணீர் பட்ட பாடு. பித்தளைச் செம்பைத் தேய்த்து, முற்றத்துச் சுவரில் வைத்து, மூன்றில் ஒரு பங்கை மனதுக்குள் அளந்து எடுத்தேன். பத்துக்குப் பத்து வராவிட்டால் சண்டைதான்.

இன்று இட்லி மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பம் ஊற்றினேன்.

ஜூன் 15, ஞாயிறு

பத்துக்கு நாலு.

"செம்பு சரியான எடத்துல இருக்கு டீச்சர். ஆனா ஃபோகஸ் செம்புல இல்லையே" என்றாள் ரிஸ்வானா. படத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினாள். செம்பு மங்கலாக, பூசணிக்காய் மாதிரி இருந்தது. பின்னால் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மீசை மயிர் எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக இருந்தார். கேமரா பழசு. அதுவாக எங்கேயோ போய் நிற்கிறது.

இரண்டாவது அவமானம், துவாரக் கணக்கு. கேமராக் கண்ணுக்குள் வெளிச்சம் நுழைகிற ஓட்டைக்கு ஒரு எண் உண்டு. எண் சின்னதானால் ஓட்டை பெரிசு, எண் பெரிசானால் ஓட்டை சின்னது. ஓட்டை பெரிசாக இருந்தால் ஒரு இடம் மட்டும் தெளிவாகி மற்றதெல்லாம் மங்கும். சின்னதாக இருந்தால் முன்னும் பின்னும் எல்லாமே தெளிவு. "நல்லாப் பெரிசாத் தொறங்க" என்றதும் நான் பதினாறில் கொண்டுபோய் வைத்தேன். படம் கறுப்பாக வந்தது. நாலில் ஒரு பங்கைவிட எட்டில் ஒரு பங்குதான் பெரிசு என்று எழுதும் பிள்ளைகளை எத்தனை வருஷமாக பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். நாளை வகுப்பில் யாரையும் ஏற்றப் போவதில்லை. நாளை ஒரு நாள் மட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

இந்த வாரம் பத்துக்கு அஞ்சு. கொய்யாக் கிளையைத் தெளிவாகவும் பின்புறத்தை மங்கலாகவும் எடுக்கச் சொன்னாள். கொய்யா மங்கல், பின்னால் ஈஸிசேர் தெளிவு. ஈஸிசேரில் யார் என்று எழுத வேண்டியதில்லை.

"ஒங்க கேமராவுக்கு சாரை ரொம்பப் பிடிக்குது டீச்சர்" என்றாள் ரிஸ்வானா. வகுப்பே சிரித்தது. கேமராவில் முகத்தைத் தேடிப் பிடிக்கிற வசதி ஏதோ இருக்கிறதாம், அதுதான் காரணம் என்று சொன்னேன். "அத நான் போன வாரமே அணைச்சு வச்சுட்டேனே" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதை அணைக்க வேண்டும் என்று தெரிவதில்லை.

ஜூன் 26, வியாழன்

ஷட்டர் வேகம். ஓடுகிற தண்ணீரை ஒரு தடவை உறைய வைத்தும், ஒரு தடவை பஞ்சு மாதிரி வழிய விட்டும் எடுக்க வேண்டும். தாமிரபரணிக்குப் போகலாம் என்று கிளம்பினேன். "ஆத்துக்கு எதுக்குட்டி போற? கடைக்கு வா, பிரஷரோட தாரேன்" என்றார். மோட்டார் சோதிக்கிற தொட்டியில் ஒன்றரை எச்.பி. மோட்டாரை ஓட விட்டு, குழாயைக் கையில் பிடித்து நின்றார். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி வைத்தால் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக நின்றது. எட்டில் ஒரு பங்கு வைத்தால் தண்ணீர் வேட்டி மாதிரி மடிந்து விழுந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. உண்மையாகவே தட்டினேன்.

அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எத்தன மோட்டாருக்கு நான் ஃபுட்வால்வு மாத்தியிருக்கேன் தெரியுமா? பத்து நிமிஷ வேல. இந்த டாக்டர் பய அஞ்சு மணி நேரம் கேக்கான்" என்றார். பேசிக்கொண்டே தொட்டியின் கட்டைச்சுவரில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. நான் கேமராவைப் பையில் வைத்துவிட்டு மோட்டாரை நிறுத்தினேன்.

பத்துக்கு ஏழு வரும் என்று நினைக்கிறேன். தண்ணீர் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

ஏழு வந்தது! மூன்று மார்க் எதற்குக் குறைந்தது என்று நான் கேட்கவில்லை.

இன்றைய பாடம்: ஃப்ரேமின் நாலு ஓரத்தையும் சுற்றிப் பார்த்து, சம்பந்தமில்லாததை எல்லாம் வெளியே தள்ளு. வீட்டிலிருந்து பழைய குடும்பப் படங்கள் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். நான் ஆல்பத்தையே கொண்டுபோனேன். ஒவ்வொன்றாகத் திரையில் போட்டாள்.

கொடைக்கானல்: நான், அவர், பூரணி, பக்கத்தில் குதிரைக்காரர். திருச்செந்தூர்: நாங்கள் மூவரும், பனங்கிழங்கு விற்கிற அம்மாளும். பூரணியின் முதல் பிறந்தநாள், ஸ்டுடியோ: நாங்கள் மூவர், காலடியில் ஒரு பிளாஸ்டர் நாய். புது வீடு பால் காய்ச்சியது: மூவர், மார்பு உயரத்துக்கு ஒரு குத்துவிளக்கு. குதிரைக்காரர் சிரித்த அழகில் எங்கள் மூவரில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

"இந்தக் குதிரைக்காரர் சொந்தமா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். சொல்ல வேண்டியதாயிற்று. மூன்று பேராக நின்று போட்டோ எடுத்தால் மூவரில் ஒருத்தருக்கு ஆகாது என்பார்கள், அதனால் வழியில் போகிறவரையாவது கூப்பிட்டு நாலாக்கிக்கொள்வோம். எங்கள் வீட்டில் இருப்பதே மூன்று பேர். சொல்லி முடிப்பதற்குள் வகுப்பில் பாதிப் பேர் "எங்க வீட்லயும், எங்க வீட்லயும்" என்று கத்தினார்கள். டவுனில் ஸ்டுடியோ வைத்திருந்த சாலமோன் அண்ணாச்சி எங்களோடு படிக்கிறார். அவர் எழுந்து, "அந்த நாய்ப் பொம்மய வாங்கிப் போட்டதே அதுக்குத்தானம்மா. மூணு பேரா வந்தா நானே எடுத்து வச்சுருவேன், கேக்கக்கூட மாட்டேன்" என்றார். ரிஸ்வானாவும் விட்டுவைக்கவில்லை. "என்னயும் ரெண்டு தங்கச்சியயும் நிக்க வச்சா, எங்க உம்மா பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியத் தூக்கிக் கையில குடுத்துருவாங்க."

சிரித்து முடித்ததும் போர்டில் எழுதினாள். கடைசி அசைன்மென்ட், கடைசி வகுப்புவரை அவகாசம்: மூன்று. தெரிந்த மூன்று பேர், ஒரே ஃப்ரேம், கேமராவைப் பார்த்து. நாலாவதாக ஆளோ, நாயோ, விளக்கோ இருந்தால் செல்லாது. ஒற்றைப்படைதான் கண்ணுக்கு நிறைவு, மூன்று தலையும் முக்கோணமாக அமைந்தால் பார்க்கிறவன் கண் வெளியே போகாது என்றாள். முக்கோணம் எனக்குப் பிடிக்கும். பொதுவாக.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேரோட்டம். பள்ளி விடுமுறை. இத்தனை ஜனத்தில் மூன்று பேர் கிடைக்காமலா போவார்கள் என்று கேமராவோடு ரதவீதிக்குப் போனேன். தெரிந்தவர்களைத்தான் எடுக்க வேண்டும் என்றாலும், என்னிடம் படிக்காத பிள்ளை இந்த ஊரில் குறைவு.

பழைய மாணவிகள் மூன்று பேர் கைகோத்து வந்தார்கள். நிறுத்தினேன். கேமராவைத் தூக்கியதும் மூவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, பலூன்காரரை இழுத்து நடுவில் விட்டார்கள். அடுத்து மூன்று போலீஸ் பெண்கள். ஒருத்தி என் மாணவி. "டீச்சர், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வாக்கிடாக்கியில் நாலாவது ஆளை வரச் சொன்னாள். ஒரே துணியில் சட்டை தைத்த அண்ணன் தம்பிகள் மூன்று பேர் தைரியசாலிகளாகத் தெரிந்தார்கள். நான் பொத்தானை அமுக்குகிற நேரம் பார்த்துக் கடைக்குட்டி "எனக்கு ஒண்ணுக்கு வருது" என்று ஓடிவிட்டான்.

தேர் மட்டும் நன்றாக வந்தது. வீட்டில் இவரிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். வேண்டுமென்றே ராகுகாலத்தில் கடை திறக்கிற மனிதர். கடை வாசலில் யாரோ கட்டிய எலுமிச்சம்பழத்தை அறுத்து ஜூஸ் போட்டுக் குடித்தவர். "பூமியச் சுத்தி ராக்கெட் விடுதான், இவளுவ மூணு பேரா நிக்கப் பயப்படுதாளுவ" என்றார்.

நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

பூஜ்யம். என் வாழ்நாளில் நான் வாங்கிய முதல் பூஜ்யம்.

கடையில் மூன்று மோட்டார்களை முக்கோணமாக அடுக்கி, வெளிச்சம் பார்த்து எடுத்துக் கொடுத்திருந்தேன். "மோட்டாரு ஆளா டீச்சர்?" என்றாள். பிறகு படத்தைப் பெரிதாக்கி, "மூணு மோட்டாரு, பின்னால தெளிவா ஒரு சாரு. மொத்தம் நாலு" என்றாள். வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டாள். "ஊரெல்லாம் எதுக்குத் தேடுதீங்க? ஒங்க வீட்லயே மூணு பேரு இருக்கீங்கல்லா. கேமராவுல டைமர் இருக்கு. பத்து விநாடி. அமுக்கிட்டு ஓடிப்போய் நீங்களும் உக்காந்துக்கலாம்."

பூரணி கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள், லீவு கிடைக்காது என்று சொன்னேன். 26ஆம் தேதி வருகிறாள் என்பதைச் சொல்லவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, 29ஆம் தேதி காலையில் வந்து சேர்ந்துகொள்ளச் சொல்லி. இவர் போனை வாங்கி, "ஆடித் தள்ளுபடி ஏதும் உண்டுமா சிஸ்டர்? ஒரு வால்வு வாங்குனா ஒண்ணு ஃப்ரீயா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் அந்தப் பெண் சிரித்தது எனக்கே கேட்டது.

தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"போறதுக்கு முன்னால அந்த மூணு பேர் படத்த எடுத்துருவோம் வடிவு."

"எதுக்கு முன்னால?"

அவர் காலித் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூரணிக்கு ஒண்ணு இருக்கட்டும்னு சொன்னேன்" என்றார்.

தோசைக்கரண்டியைப் போட்டேன். அது எங்கேயோ போய் விழுந்தது. வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம், ஒரு படம் என்ன, ஒன்பது படம் எடுத்துக்கொள்ளலாம் என்று கத்தினேன். அவரும் விடவில்லை. "வந்த பெறகு எடுக்கத இப்ப எடுத்தா என்ன கேடு? கணக்கு டீச்சராம், மூடநம்பிக்கையப் பாரு!" என்றார். நான் ஒன்றும் நம்பவில்லை. தேவையில்லாமல் எதற்கு என்றுதான். தோசை கருகிவிட்டது. இருவரும் அதையே தின்றோம்.

ஜூலை 20, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி.

தலைவலி இல்லை.

ஜூலை 26, சனி

பூரணி வந்துவிட்டாள். வீடு வீடாயிற்று. அப்பாவும் மகளும் மாறி மாறி என்னைக் கேலி செய்ய எனக்கு வேலை ஓடவில்லை. மத்தியானம் அவர் தூங்கும்போது கேமராவை எடுத்து வைத்துக்கொண்டு, நான் இதுவரை எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே பார்த்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா, செம்பு எடுத்தா அப்பா. கொய்யா மரம் எடுத்தா அப்பா. தண்ணி எடுத்தா அப்பா. எதுலயும் வேற எதுவுமே தெளிவா இல்லயேம்மா."

கேமரா பழசு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த கையோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று அழுதேன். பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் இல்லாத வீட்டில் மாட்டுவதற்கு ஒரு படம் வேண்டும் என்று அவரே யோசிக்கிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்றேன். மூன்று பேராக நின்று, அடுத்த நாள் ஏதாவது ஆகிவிட்டால், என் கையால் அமுக்கிய பொத்தான் அது என்று சாகிறவரை நினைத்துக்கொண்டே இருப்பேன் என்றேன்.

பூரணி என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் அழவில்லை, என்னைவிடக் கெட்டிக்காரி. "ம்மா, நாம மூணு பேரு மட்டும் இருக்க படம் நம்மகிட்ட ஒண்ணுகூட இல்ல. எல்லாத்துலயும் எவனோ நிக்கான். எனக்கு ஒண்ணு வேணும். அப்பா போயிருவாகன்னு இல்ல. எனக்கு வேணும், அவ்வளவுதான்" என்றாள்.

அவள் சின்ன வயசில் ஒன்று கேட்டு நான் இல்லை என்று சொன்னதே கிடையாது. களைந்த அரிசியை உலையில் போட்டேன்.

ஜூலை 29, செவ்வாய், மதுரை

அறை மூன்றாவது மாடி. மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல். சாயங்கால வெளிச்சம் கட்டில் மேல் சாய்வாக விழுந்தது. இந்த வெளிச்சத்தை வீணாக்கினால் ரிஸ்வானா என்னை பெஞ்சு மேல் ஏற்றுவாள் என்று தோன்றியது. அப்படித்தான் முடிவு செய்தேன். வேறு பெரிய யோசனை எதுவும் இல்லை.

சாப்பாட்டு மேசையைக் கட்டிலுக்கு எதிரே தள்ளி, தலையணை மேல் கேமராவை வைத்தேன். துவாரம் எட்டு. மூன்று பேரும் தெளிவாக விழ வேண்டும், ஒருத்தர் மட்டும் அல்ல. ஐ.எஸ்.ஓ., அதாவது கேமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு, எண்ணூறு. டைமர் பத்து விநாடி. நான் இதையெல்லாம் திருகிக்கொண்டிருந்தபோது இவர் நர்ஸிடம் பேனா வாங்கிக் கட்டிலில் சாய்ந்தபடி ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார். "கையெழுத்தெல்லாந்தான் காலையிலயே போட்டாச்சே" என்றேன். "நீ ஒன் வேலயப் பாரு" என்றார்.

அமுக்கிவிட்டு ஓடினேன். பிளாஸ்டிக் நாற்காலி காலில் தட்டி, விழப்போய், கட்டிலைப் பிடித்தேன். கிளிக். பார்த்தால் அவரும் பூரணியும் வாய் பிளந்து சிரிக்கிறார்கள், நான் ஒரு புடவைச் சுழலாக இருக்கிறேன். "ரெண்டரப் பேரு. சாஸ்திரத்துக்கும் குத்தமில்ல" என்றாள் பூரணி. "இதுவே போதும் வடிவு, நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர்.

போதும் என்று விட்டிருக்கலாம். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அரையாக நிற்க எனக்கு மனமில்லை. மறுபடியும் டைமரை வைத்தேன்.

அப்போது பேனாவைத் திரும்ப வாங்க அந்த நர்ஸ் பிள்ளை உள்ளே வந்தாள். கேமராவைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பதறிவிட்டாள். "ஐயோ அம்மா, மூணு பேராவா எடுக்குறீங்க? நாளைக்கு ஆபரேஷன வச்சுக்கிட்டா? இருங்க, நானும் வந்து நின்னுக்கிறேன்!" என்று கட்டிலுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள். பால் மணம் மாறாத முகம். அவளைக் கட்டிப்பிடித்து நடுவில் உட்கார வைக்கவே எனக்கு ஆசையாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அவ்வளவு ஆசையாக இருந்தது.

ஆனால் அவளை நிற்க வைத்தால், இவர் திரும்பி வருவதை நானே பாதிதான் நம்புகிறேன் என்று ஆகிவிடும். அதை இவர் முன்னால் செய்ய என்னால் முடியவில்லை.

"தங்கம், நீ நல்லா இருப்ப. கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கோ, ஃப்ரேமுக்குள்ள வார" என்றேன். குரல் வகுப்பில் பேசுகிற குரலாகவே வந்தது. அவள் தள்ளிக்கொண்டாள். அமுக்கினேன், ஓடினேன், இந்த முறை எதிலும் தட்டவில்லை. அவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பூரணி. அவர் கட்டைவிரலை உயர்த்தி "சூப்பர்" காட்டினார். ஓட்டு கேட்க வந்தவர் மாதிரி என்ன போஸ் இது என்று திட்டுவதற்குள் கிளிக்.

ஜூலை 30, புதன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

கண்ணைத் திறந்துவிட்டார்! தொண்டையிலிருந்த குழாயை எடுத்ததும் டாக்டரைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "லீக் இல்லல்லா?" டாக்டர் இல்லை என்று சொல்ல, "அப்ப வாரண்டி கார்டு குடுங்க" என்றாராம். பூரணி சொல்லிச் சிரித்தாள். நான் அந்த வராந்தாவிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு அம்மா காபி வாங்கிக் கொடுத்தாள். அவள் பெயர்கூடக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

வீடு வந்து சேர்ந்தோம். மாத்திரை அட்டைகள் மேசை கொள்ளவில்லை. சிரித்தாலோ இருமினாலோ தையல் இழுக்காமலிருக்க நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இவரைச் சிரிக்க வைக்கக் கூடாது. ஆனால் இவரே ஜோக் சொல்லி இவரே சிரிக்கிறார், அதற்கு என்ன செய்ய?

பூரணி மாதக் கடைசிவரை வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கடைசி வகுப்பு. நாட்குறிப்பில் இன்றுதான் அதிகம் எழுதப்போகிறேன் என்று நினைக்கிறேன்.

என் படம் திரையில் வந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. சாலமோன் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ரிஸ்வானா திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். "மூணு பேரும் தெளிவா இருக்கீங்க டீச்சர்" என்றாள். நான் ஏழாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு வழக்கம்போல் ஓரங்களைப் பார்க்கிறேன் என்று படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

"டீச்சர்... நாலு பேரு இருக்காங்க."

இவர் உயர்த்திக் காட்டிய கட்டைவிரல். அதில் பேனாவால் இரண்டு கண். ஒரு மூக்கு. சிரிக்கிற வாய், முறுக்கு மீசை. நெற்றியில் மூன்று கோடு போட்டுத் திருநீறு.

கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. ரிஸ்வானா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க டீச்சர், விதி விதிதான். செல்லாது" என்றாள். வேண்டுமானால் இன்று சாயங்காலத்துக்குள் வேறு படம் அனுப்பலாம் என்றாள்.

வீட்டுக்கு வந்து போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது யாரு?"

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். "அது... சும்மா சூப்பர்னு காட்டுனேன்."

"சூப்பருக்கு எதுக்குத் திருநீறு?"

பூரணி எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். இவர் தலையணையை அணைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அதன் பிறகும் தலையணையை விடவில்லை.

"பயந்துட்டேன் வடிவு."

"ஆபரேஷனுக்கா?"

"அதுக்கில்ல. அது வால்வு, என்ன செய்வான்னு எனக்குத் தெரியும். மூணு பேர்ல ஒருத்தருக்குன்னுதான சொல்லுதாங்க, யாருக்குன்னு சொல்லலயே. நீ விழுந்து எந்திரிச்சு ஓடி வார. இந்தப் பக்கம் இவ உக்காந்திருக்கா. எனக்கு ஒண்ணுன்னா வால்வுன்னு சொல்லிட்டுப் போயிரலாம். ஒங்க ரெண்டு பேர்ல ஒருத்திக்கு ஒண்ணுன்னா நான் எங்க போய் நிக்க?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் பயந்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு மாசமும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம். நான் அவர் மேல் ஃபோகஸ் வைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், அவர் எங்கள் மேல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பூரணியைக் கூப்பிட்டேன்.

ஹாலில் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டேன். துவாரம் எட்டு. டைமர் பத்து. "ரெண்டு பேரும் கைய நீட்டுங்க" என்றேன். பள்ளியில் நகம் பார்க்கிற மாதிரி பத்து விரலையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். பூரணிக்கும்தான். அவள் அப்பன் மகள், நம்ப முடியாது. சட்டைப் பையையும் தட்டிப் பார்த்தேன். அமுக்கிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேமராவில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது.

"வடிவு," என்றார் மெதுவாக, "ஒனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. நேராப் பாருங்க."